மடல் அனுப்பினாலே ஃபேஸ்புக்கில் பதிவாகுமா?

நீங்கள் கேட்டது இது: உங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் செயலாளருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மின்னஞ்சலைத் தவறாமல் பார்ப்பார், நன்றாக எழுதவும் எழுதுவார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கம் மட்டும் வரமாட்டார். இதுவரை பதிவு போட்டுக்கொண்டிருந்த பையன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். செயலாளர் ஒரு மடல் அனுப்பினால் அது அப்படியே எல்லாத் தளங்களிலும் பதிவாகிவிட வழி உண்டா, "முன்பெல்லாம் அப்படி ஒரு வசதி இருந்ததாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தத் தளம் இன்னும் மடலை வாங்கிக்கொள்கிறது என்பது ஒன்று. யாரிடமும் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், ஒரு பெரியவர் எழுதுவதைப் பத்திரமாகப் பொதுவெளிக்குக் கொண்டுபோவது எப்படி என்பது இன்னொன்று. எனக்கென்னவோ நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டாவதைத்தான் என்று தோன்றுகிறது.

முதலில் சுருக்கமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ்புக், எக்ஸ் (பழைய ட்விட்டர்), இன்ஸ்டாகிராம் மூன்றும் இன்று நேரடியாக மடலை வாங்கிப் பதிவாக்குவதில்லை. வலைப்பூவுக்கு மடல் வழியாகப் பதியலாம். அந்த வசதி இன்னும் உயிரோடு இருக்கிறது. வலைப்பூவில் வந்ததை ஃபேஸ்புக் பக்கத்துக்குத் தானாகப் போகவைக்கலாம். ஃபேஸ்புக் குழுவுக்கும் தனிநபர் கணக்குக்கும் அதுவும் முடியாது. இதில் எது உங்களுக்குப் பொருந்தும், எங்கே கை சுடும் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

என் பின்னணியையும் சொல்ல வேண்டும். சிறிய அமைப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளமும் மின்னஞ்சலும் பராமரிப்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. மடல் எப்படிப் போகிறது, எந்த இடத்தில் உடைகிறது என்பது தெரியும். சமூக ஊடக நிறுவனங்களுக்குள் வேலை பார்த்தவன் இல்லை. ஆகவே அவர்கள் ஏன் ஒரு வசதியை மூடினார்கள் என்று நான் பேசும் இடங்களில் கொஞ்சம் ஊகமும் கலந்திருக்கும்.

"இருந்ததாமே" என்பது உண்மைதான். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வந்தது 2008 ஜூலையில். அதற்கு முன்னால் போனிலிருந்து ஒரு படத்தை இணையத்துக்கு அனுப்ப, பெரும்பாலான கருவிகளுக்குப் பொதுவாக இருந்த வழி மின்னஞ்சல். அதனால் தளங்கள் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தனி முகவரி கொடுத்தன. 2004இல் தொடங்கிய ஃபிளிக்கருக்குப் படத்தை இணைத்து மடல் அனுப்பினால் தலைப்பு வரி படத்தின் பெயராகும், உள்ளே எழுதியது அதன் விளக்கமாகும். லைவ்ஜர்னல் என்ற வலைப்பூத் தளத்தில் பயனர் பெயரோடு ஒரு பின் எண்ணையும் சேர்த்த முகவரி. ஃபேஸ்புக்கும் ஒரு ரகசிய முகவரி கொடுத்தது. தலைப்பு வரியில் மட்டும் எழுதி அனுப்பினால் அதுவே ஸ்டேட்டஸ். ட்விட்டர் எஸ்எம்எஸ்ஸை நம்பிப் பிறந்த தளம். 140 எழுத்து என்ற அதன் பழைய வரம்பே எஸ்எம்எஸ்ஸின் 160இலிருந்து வந்ததுதான். மடலில் படத்தை அனுப்பி ட்வீட் போட வேண்டுமென்றால் 2008இல் வந்த ட்விட்பிக் போன்ற வெளித்தளங்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரே செய்தியைப் பல தளங்களுக்கு ஒரே வீச்சில் அனுப்ப பிங்.எஃப்எம் என்று ஒன்று இருந்தது.

இவற்றிலெல்லாம் மடலையே முழு நம்பிக்கையாக வைத்து எழுந்தது போஸ்டரஸ். சச்சின் அகர்வாலும் கேரி டானும் 2008இல் தொடங்கியது. கணக்குத் திறக்கவே வேண்டாம். அவர்கள் கொடுத்திருந்த பொது முகவரிக்கு முதல் மடலை அனுப்பினால் போதும், உங்களுக்கு ஒரு வலைப்பூ உருவாகிவிடும். பல படங்களை இணைத்தால் கேலரி, ஒலிக்கோப்பை இணைத்தால் பிளேயர். அங்கிருந்து ட்விட்டர், ஃபேஸ்புக், ஃபிளிக்கர் என்று தானாகப் போகும். உங்கள் செயலாளருக்கென்றே செய்ததுபோல் இருந்திருக்கும். 2012 மார்ச்சில் ட்விட்டர் அதை வாங்கியது. 2013 ஏப்ரல் 30ஆம் தேதி மூடிவிட்டார்கள். கேரி டானும் உடன் வேலை செய்த பிரெட் கிப்சனும் பிறகு போஸ்ட்ஹேவன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள்: மாதம் 5 டாலர், விற்கமாட்டோம், மூடமாட்டோம் என்ற வாக்குறுதியோடு. அங்கும் மடல் வழியாகப் பதியலாம்.

தமிழில் இந்தப் பழக்கத்துக்கு இன்னும் பழைய வேர் உண்டு. சமூக ஊடகம் என்ற பெயரே புழக்கத்தில் இல்லாத 1990களில் தமிழ்.நெட் மடற்குழு நடந்தது. பின்னால் யாஹூ குழுமங்களில் மரத்தடியும் ராயர் காபி கிளப்பும் வந்தன. தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஊர் ஊராகப் பரந்திருந்த தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டதும் மடல்களின் வழியாகத்தான். உங்கள் செயலாளரின் பழக்கத்துக்கு ஒரு மரபே இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

ஏன் மூடினார்கள்? போனில் ஆப் வந்தபின் மடலின் தேவை குறைந்தது, அது வெளிப்படை. ஆளை ஆப்புக்குள் கூட்டிவந்தால்தான் விளம்பரம் காட்ட முடியும், மடல் அனுப்பிவிட்டுப் போகிறவரிடம் காட்ட முடியாது என்பது என் ஊகம். மூன்றாவது காரணம் பாதுகாப்பு. அதில் ஊகத்துக்கு இடமில்லை. மடலில் "அனுப்புநர்" என்று தெரிவது, தபால் உறையின் பின்பக்கம் எழுதும் பெயர் மாதிரி. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். மடல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முறையை 1982இல் வரையறுத்த எஸ்எம்டிபி நெறிமுறையில் அதைச் சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைத்த சரிபார்ப்புகள் இன்று பெருமளவு உதவுகின்றன. ஆனால் அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் ஒழுங்காக அமைத்திருந்தால் மட்டும். எஸ்எம்எஸ்ஸிலும் இதே தொல்லை. 2019 ஆகஸ்ட் 30 அன்று ட்விட்டரின் தலைமை அதிகாரி ஜாக் டோர்சியின் கணக்கிலேயே கண்டபடி ட்வீட்டுகள் வந்தன. அவருடைய கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை. அவருடைய போன் எண்ணைக் கைப்பற்றி, எஸ்எம்எஸ் வழியாகப் பதியும் பழைய வசதியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சில நாட்களில் அந்த வசதியை நிறுத்தினார்கள். பிறகு 2020இல் பெரும்பாலான நாடுகளில் எஸ்எம்எஸ் சேவையையே எடுத்துவிட்டார்கள்.

நேரடி வழி மூடியபின், இடையில் ஒரு மென்பொருளை வைத்துப் பதியும் வழி இருந்தது. ஏபிஐ என்று சொல்லும் அந்தக் கதவையும் வரிசையாகச் சாத்தினார்கள். ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் ஒரு அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்குப் பின், 2018 ஆகஸ்ட் 1 முதல், தனிநபர் ஃபேஸ்புக் கணக்கில் வெளி மென்பொருள் எதுவும் பதிய முடியாமல் போயிற்று. பக்கங்களுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். 2024 ஏப்ரலில் குழுக்களுக்கான ஏபிஐயும் போயிற்று. எக்ஸ் 2023இல் இலவச ஏபிஐயைச் சுருக்கிக் கட்டணம் போட்டது. அதே ஆண்டு வலைப்பூச் சேவையான வேர்ட்பிரஸ்.காமும், வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை மென்பொருளான (செருகி) ஜெட்பேக்கும் ட்விட்டருக்குத் தானாகப் பதியும் வசதியைக் கைவிட்டன. இன்ஸ்டாகிராமில் தொழில் கணக்கோ கிரியேட்டர் கணக்கோ இருந்தால்தான் வெளி மென்பொருள் பதியலாம், அதற்கும் படமோ வீடியோவோ கட்டாயம். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு ஒரு சாதாரணக் குழு இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மடல் வழி கிடையாது. "நாங்கள் செய்து தருகிறோம்" என்று வரும் திருட்டுக் கருவிகளைத் தொடாதீர்கள். எண்ணையே தடை செய்துவிடுவார்கள்.

ஆக, உங்கள் வாசகர் வட்டத்துக்கு இருப்பது ஃபேஸ்புக் பக்கமா குழுவா என்பதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு எல்லாம். பலர் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். பலர் "சேர்ந்து" பதிவு போடும் இடம் குழு; ஆட்கள் "பின்தொடரும்" இடம் பக்கம். குழு என்றால் தானியங்கிப் பேச்சை இங்கேயே நிறுத்திவிடலாம், ஒரு மனிதர்தான் போட வேண்டும். பக்கம் என்றால் மேலே படியுங்கள்.

நான் பரிந்துரைப்பது வலைப்பூவை நடுவில் வைக்கும் ஏற்பாடு. எளிதானதும் இலவசமானதும் கூகுளின் பிளாகர். அதன் அமைப்புகளில் மின்னஞ்சல் பகுதிக்குப் போனால், மடல் வழியாகப் பதிய ஒரு முகவரி அமைத்துக்கொள்ளலாம். உங்கள் பயனர் பெயர், ஒரு புள்ளி, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ரகசியச் சொல், அப்புறம் பிளாகரின் முகவரி என்று இருக்கும். தலைப்பு வரி பதிவின் தலைப்பாகும், உள்ளே எழுதியது பதிவாகும். அங்கேயே இரண்டு தேர்வுகள் இருக்கும்: வந்ததும் உடனே வெளியிடு, அல்லது டிராஃப்டாகச் சேமி. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். மடல் வந்து வரைவாக நிற்கும். வெளியூரில் இருக்கும் அந்தப் பையனோ நீங்களோ போனில் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியிடலாம். செயலாளரிடம் எந்தக் கடவுச்சொல்லும் இல்லை. பையனுக்குத் தட்டச்சு வேலை இல்லை. ஒருவர் கண்ணில் படாமல் எதுவும் பொதுவெளிக்குப் போகாது. எனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தெரியவில்லை.

வேர்ட்பிரஸ் ஏற்கெனவே இருந்தால் ஜெட்பேக் செருகியில் மடல் வழிப் பதிவு உண்டு. அதில் வரைவாக வை, இன்ன பிரிவில் போடு, ஒரு மணி நேரம் கழித்து வெளியிடு, சமூக ஊடகத்துக்கு அனுப்பாதே என்றெல்லாம் மடலுக்குள்ளேயே சதுர அடைப்புக்குள் கட்டளை எழுதலாம். எழுபது வயதுக்காரரிடம் அதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் கட்டளைகளை மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் ஏற்பாட்டை அமைக்க வேண்டும். ஜெட்பேக் இல்லாமல் வேர்ட்பிரஸ்ஸின் மூலமென்பொருளிலேயே ஒரு பழைய வசதி இருக்கிறது: எழுதுதல் அமைப்புகளில் பாப்3 (மடலை இறக்கிக்கொள்ளும் பழைய முறை) வழியாகத் திறக்கும் ஒரு அஞ்சல் பெட்டியின் விவரத்தைக் கொடுத்தால் அதிலிருந்து மடல்களை எடுத்துப் பதிவாக்கும். அதன் பக்கம் போகாதீர்கள். அந்தப் பெட்டியின் கடவுச்சொல் தரவுதளத்தில் மறைக்காமலேயே கிடக்கும், படங்களையும் ஒழுங்காகக் கையாளாது.

வலைப்பூவிலிருந்து வெளியே போவது இரண்டாம் கட்டம். வேர்ட்பிரஸ் என்றால் ஜெட்பேக் சோஷியல் என்ற பகுதியே ஃபேஸ்புக் பக்கம், லிங்க்டின், எக்ஸ் மாதிரிக் குறும்பதிவுத் தளங்களான மாஸ்டடான், புளூஸ்கை போன்றவற்றுக்கு அனுப்பும். பிளாகர் என்றால் புதிய பதிவுகளைப் பட்டியலிடும் அதன் ஓடையை, அதாவது ஆர்எஸ்எஸ் ஃபீடை, இஃப்ட், ஜேப்பியர், டெலிவர்.இட் மாதிரி ஒரு இடைச்சேவையிடம் கொடுத்தால், புதிய பதிவு வரும்போது அது எடுத்துப் பக்கத்தில் இணைப்பாகப் போடும். உடனடியாக நடக்காது, அவை ஓடையை அவ்வப்போதுதான் எட்டிப்பார்க்கும். இலவசத் திட்டத்தில் எத்தனை பதிவு, எந்தத் தளம் என்ற கணக்கை இந்தச் சேவைகள் அடிக்கடி மாற்றுகின்றன. ஆகவே நான் எண் எதுவும் சொல்லவில்லை, சேரும் நாளன்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலைப்பூவே வேண்டாம், மடலிலிருந்து நேராக ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போகவேண்டும் என்றாலும் இதே இடைச்சேவைகளால் முடியும். இஃப்டில் பதிவு செய்துவைத்த மின்னஞ்சலிலிருந்து அவர்களுடைய முகவரிக்கு மடல் அனுப்பினால், அதைத் தூண்டுதலாக எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஸ்டேட்டஸ் போடச் சொல்லலாம். ஜேப்பியர் உங்களுக்கென்றே ஒரு முகவரி உருவாக்கித் தரும். வேலை செய்கிற வழிதான். ஆனால் நடுவில் நிறுத்திப் பார்க்கிற இடம் போய்விடுகிறது. தவிர, இந்தச் சேவைகள் பெரிய நிறுவனங்களின் தயவில் ஓடுகிறவை. 2019 மார்ச்சில் கூகுள் தன் விதிகளை இறுக்கியபோது இஃப்டில் ஜிமெயிலைத் தூண்டுதலாகப் பயன்படுத்தும் வசதி முழுக்கப் போயிற்று; அதை நம்பி அமைத்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. வலைப்பூ நடுவில் இருந்தால், வெளியே போகும் குழாய் ஒன்று அடைபட்டாலும் எழுதியது ஓரிடத்தில் தேதியோடு இருக்கும்.

கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர் உங்களிடம் இருந்தால் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஜிமெயிலில் ஒரு லேபிள். கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சின்ன நிரல். லேபிள் உள்ள மடலை எடுத்து, வெட்டவேண்டியதை வெட்டி, வெளியே அனுப்பிவிட்டு லேபிளை எடுத்துவிடும். மாஸ்டடானுக்கு ஒரு அணுகல் டோக்கன் (நிரலுக்கென்று தளம் தரும் சாவி) போதும், புளூஸ்கைக்கு ஆப் கடவுச்சொல், டெலிகிராம் சேனலுக்கு ஒரு பாட் (தானியங்கிக் கணக்கு) உருவாக்கி அதைச் சேனலின் அட்மினாகச் சேர்த்தால் போதும். மூன்றும் இலவசம், மூன்றும் அனுமதிக்கப்பட்ட வழி. வாசகர் வட்டத்துக்கு டெலிகிராம் சேனல் நல்ல இடம் என்பது என் எண்ணம். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கூட்ட அறிவிப்பு காணாமல் போவதில்லையா, அது இங்கே நடக்காது. நிர்வாகி மட்டும்தான் பதிய முடியும்.

இனி ஆபத்துகள். பதிவாகும் அந்த ரகசிய முகவரிதான் இங்கே கடவுச்சொல். முகவரி தெரிந்த யாரும் பதியலாம் என்று வைத்துக்கொண்டு நடந்தால்தான் நல்லது. அது எப்படி வெளியே போகும்? யாரும் ஹேக் செய்யத் தேவையில்லை. செயலாளர் கூட்ட அழைப்பை உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்பும்போது, "ஒரே வேலையாக முடியட்டும்" என்று அந்த முகவரியையும் சேர்த்துவிடுவார். ஒருவர் எல்லோருக்கும் பதில் என்பதை அழுத்தி "ஞாயிறு எனக்கு முடியாது, வீட்டில் சண்டை" என்று எழுதுவார். அது பதிவாகிவிடும். நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். ஆகவே பதிவுக்கு எப்போதும் தனி மடல், மற்றவர் முகவரி எதையும் சேர்க்கக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். முகவரிப் புத்தகத்தில் அதை "வாசகர் வட்டம்" என்ற பெயரில் சேமிக்கவே சேமிக்காதீர்கள். வேறு யாருக்கோ தட்டும்போது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். "பொதுவில் வெளியாகும்" என்று பெயர் வையுங்கள். அனுப்பும் முன் கண்ணில் படும்.

அடுத்தது கையொப்பம். பலருடைய மடலின் அடியில் பெயர், வீட்டு முகவரி, போன் எண் தானாக ஒட்டிக்கொள்ளும். அலுவலக மடல் என்றால் "இம்மடல் ரகசியமானது, உரியவர் தவிர யாரும் படிக்கக் கூடாது" என்ற பத்தி ஒன்று வேறு. அதுவும் சேர்ந்து ஃபேஸ்புக்கில் ஏறும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பிளாகரில் பதிவு முடிகிற இடத்தில் ஹேஷ் குறியோடு எண்ட் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினால் அதற்குக் கீழுள்ளதை விட்டுவிடும். ஜெட்பேக்கில் அதே சொல்லைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். பெரியவருக்கு இது நினைவிருக்காது என்றால் பதிவுக்கென்று தனி ஜிமெயில் கணக்கு ஒன்று தொடங்கி, அதில் கையொப்பமே இல்லாமல் வைத்துவிடுங்கள். விடுமுறைத் தானியங்கிப் பதிலையும் அதில் போடாதீர்கள்.

ஜிமெயிலிலிருந்து தானாக ஃபார்வர்டு செய்யும் வகையில் அமைக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஃபார்வர்டு செய்யப்போகும் முகவரி உங்களுடையதுதானா என்று சோதிக்க கூகுள் ஒரு குறியீட்டு எண்ணை அந்த முகவரிக்கே அனுப்பும். அந்த முகவரி உங்கள் வலைப்பூ. ஆக அந்த மடலே பதிவாக வந்து நிற்கும், உடனே வெளியிடு என்று வைத்திருந்தால் ஊருக்கே தெரிய. டிராஃப்ட் முறையில் வைத்திருந்தால் உள்ளே போய் எண்ணைப் படித்துவிட்டு அழித்துவிடலாம்.

தமிழில் அனுப்புவதால் வரும் சிக்கல்களை ஆங்கில உதவிப் பக்கங்கள் சொல்லாது, ஆகவே நான் சொல்லியாக வேண்டும். செயலாளர் எதில் தட்டச்சு செய்கிறார் என்று முதலில் கேளுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் வேர்டில் அடித்து ஒட்டுகிறார் என்றால், அவருடைய கணினியில் தமிழாகத் தெரிவது வலைப்பூவில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் விழும். யூனிகோடில் அடிக்க வேண்டும், அல்லது மாற்றியில் போட்டு மாற்றி அனுப்ப வேண்டும். டிடிபி கடையில் செய்த அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பினாலும் போதாது. பார்வையற்ற வாசகருக்கும் தேடுபொறிக்கும் அது வெறும் படம். நாள், நேரம், இடம், பேசுபவர் பெயர் நான்கையும் எழுத்திலும் தரச் சொல்லுங்கள்.

தலைப்பு வரி உடைவது இன்னொரு தொல்லை. மின்னஞ்சலின் தலைப்புப் பகுதி ஆங்கில எழுத்துகளுக்கென்று பிறந்தது. தமிழை அதற்குள் அனுப்ப, குறியீடாக மாற்றித் துண்டு துண்டாக வெட்டுவார்கள். ஒரு துண்டு 75 குறிகளுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (எழுத்தும், அதன் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள்) யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவத்தில் 3 பைட் என்பதால், ஒரு துண்டில் சுமார் 15 குறிகள்தான் கொள்ளும். துண்டு எப்போதும் முழு எழுத்தில் முடிய வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மோசமான மென்பொருள்கள் அதைப் பார்க்காமல் எழுத்தின் நடுவில் வெட்டிவிடும், தலைப்பில் கேள்விக்குறிக் கட்டங்கள் வந்து நிற்கும். ஜிமெயிலின் வலைப்பக்கத்திலிருந்தோ அதன் ஆப்பிலிருந்தோ அனுப்பினால் இந்தத் தொல்லை வருவதை நான் பார்த்ததில்லை. சில பழைய அலுவலக மென்பொருள்களில் பார்த்திருக்கிறேன். அதேபோல் வெறும் உரையாகப் போகும் மடலில் வரிகளை 78 குறிகளுக்குள் மடிக்கும் பழக்கம் உண்டு. பதிவில் வாக்கியங்கள் பாதியில் ஒடிந்து கவிதை மாதிரித் தெரிந்தால் காரணம் அதுதான்.

நீளத்திலும் கவனம் வேண்டும். எக்ஸில் 280 என்பது நாம் எண்ணும் எழுத்துக் கணக்கு இல்லை. உயிர்மெய்யின் கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, அங்கே ஐந்து. புளூஸ்கையின் 300 நாம் எண்ணுவதுபோலவே எண்ணும், அங்கே மூன்றுதான். மாஸ்டடானின் வழக்கமான வரம்பு 500. செயலாளர் எழுதும் நூல் அறிமுகம் இவை எதிலும் அடங்காது. முழுப் பதிவு வலைப்பூவில், மற்ற இடங்களில் தலைப்பும் இணைப்பும் என்று வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவையும் சொன்னபின் ஒன்றைக் கேட்கிறேன். வாரத்துக்கு ஒரு கூட்ட அறிவிப்பு, மாதத்துக்கு ஒரு நூல் அறிமுகம், அவ்வளவுதான் என்றால் இந்த இயந்திரமெல்லாம் தேவையா? செயலாளர் அந்தப் பையனுக்கே மடல் அனுப்பட்டும், அவன் வெளியூரிலிருந்தே ஐந்து நிமிடத்தில் எடுத்து ஒட்டிவிடலாம். ஃபேஸ்புக் பக்கத்துக்கு ஒருவருக்கு மேல் பொறுப்புக் கொடுக்கலாம், யார் கடவுச்சொல்லையும் யாருக்கும் தர வேண்டியதில்லை. அவன் பிசியாகிவிட்டால் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். பதிவுகள் தினமும் வருகின்றன, ஒட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால்தான் தானியங்கி தன் உழைப்புக்குக் கூலி தரும்.

எந்த வழியில் போனாலும் முதல் வாரம் ஒரு சோதனை வலைப்பூவில் ஓட்டிப் பாருங்கள்: நீளமான தமிழ்த் தலைப்போடு ஒரு மடல், இரண்டு படம் இணைத்து ஒன்று, போனிலிருந்து ஒன்று, இன்னொருவர் மடலை ஃபார்வர்டு செய்து ஒன்று. கடைசி வகையில் பழைய மடலின் பெயர்களும் முகவரிகளும் கூடவே வரும், அதை அவர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும். உங்களிடம் இருப்பது பக்கமா குழுவா என்பதையும், வலைப்பூ ஏற்கெனவே இருந்தால் எதில் இருக்கிறது என்பதையும் எழுதினால் அமைப்பைப் படிப்படியாகச் சொல்கிறேன்.